திருக்கை

பதின்மூன்று மார்க் கேள்வி.
இடது பக்கம் பன்னிரண்டு வோல்ட்,
நடுவில் இரண்டு ஆம்பியர்,
வலது ஓரத்தில் திருக்கை.

போர்டில் முதல்முறை அந்தச் சாய்சதுரத்தைப் பார்த்தபோதே
எனக்கு அது திருக்கைதான்.
குளச்சல் ஏலக்கூடத்தின் ஈரத் தரையில்
கவிழ்ந்து கிடக்குமே, அதே நாலு முனை.
டிபென்டன்ட் சோர்ஸ் என்று நோட்டில் எழுதி
கீழே ஒரு வாலும் வரைந்தேன்.

சூப்பர்பொசிஷன் லேசு என்றார்கள்.
ஒரு மூலத்தை மட்டும் உயிரோடு விடு,
மற்றதைக் கொல்.
வோல்டேஜ் செத்தால் வெறும் கம்பி,
கரன்ட் செத்தால் வெறும் இடைவெளி.
தனித்தனியாகக் கணக்குப் பார்,
கடைசியில் கூட்டு.

கொல் என்றார்கள், கொன்றேன்.
திருக்கையையும் சேர்த்து.
விடை ஒன்று புள்ளி மூன்று மூன்று மூன்று
என்று பேப்பரின் ஓரம்வரை போனது.
ரிசல்ட் வந்த அன்று
சர்க்யூட் தியரிக்கு நேரே இரண்டாம் முறையாக
அதே சிவப்பு எழுத்து.

நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் மழை.
தக்கலை வண்டி மூன்றை விட்டுவிட்டு
நஸ்ரின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.
ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து
எண்ணெய் படாத இடமாகப் பார்த்து
அதே சர்க்யூட்டை வரைந்தாள்:
நாலு ஓம், இரண்டு ஓம்,
ஓரத்தில் இரண்டு ஐ-எக்ஸ்.

"இத ஏன் கொன்னா?"
"எல்லாத்தையும் கொல்லச் சொன்னாங்கல்லா."
"இதுக்குன்னு தனியா உயிரு கெடையாது, கேட்டியா.
பின்ன எத கொல்லுவா?"

பன்னிரண்டு வோல்ட் மட்டும்: ஒன்றரை.
இரண்டு ஆம்பியர் மட்டும்: மைனஸ் அரை.
மைனஸைப் பார்த்ததும் அடிக்கப் போனேன்.
என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.
"எதிர்ப்பக்கமா ஓடுது. அவ்ளோதான்."
ஐ-எக்ஸ் திரும்பியதும்
ஓரத்தில் திருக்கையும் மல்லாந்துகொண்டது.
யாரும் அதைத் தொடவில்லை.

குளச்சல் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் மூடவில்லை.
இரணியல் வரை நனைந்துகொண்டே
அப்பாவின் ஐஸ் பிளான்ட்டை நினைத்தேன்.
ஜூன் ஜூலையில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டார்கள்.
பிளான்ட்டை மூடச் சொல்லி
எந்த ஆபீஸிலிருந்தும் தாள் வரவில்லை.
லைன் இருந்தது, மோட்டார் இருந்தது,
அமோனியா இருந்தது.
ஐஸ் கேட்க ஆள் இல்லை.
அப்பா ஸ்விட்ச் பக்கத்தில் ஸ்டூல் போட்டு
வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.
ஆகஸ்டில் முதல் படகு போன ராத்திரி
தெருவரை அதிர்ந்தது கம்ப்ரஸர்.
எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை.
அது கணக்கு என்று அப்போது தெரியாது.

நவம்பர். கோணம். மூன்றாவது அட்டெம்ப்ட்.
மூலங்களின் இடம் மாறியிருந்தது,
எண்கள் மாறியிருந்தன.
ஒவ்வொன்றாகக் கொன்று
ஒவ்வொன்றாக எழுப்பினேன்.
திருக்கை இரண்டு படத்திலும் இருந்தது.

முன்பெஞ்சில் அனிஷ்ராஜ்
கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான்,
பேட்டரி தீர்ந்திருக்கும்.
வெளியே வேளிமலையைக் காணவில்லை,
மேகம் மட்டும்தான்.
சிப்ஸ் தாளில் வந்தது ஒரு ஆம்பியர்,
புள்ளி வைக்க வேண்டாத ஒன்று.
இதில் வந்திருப்பது புள்ளி நாலு.
சரியா என்று கேட்க
நஸ்ரின் இந்த ஹாலில் இல்லை.
அவள்தான் முதல் தடவையே பாஸ் ஆனவளாயிற்றே.

கூட்டிப் பார்த்தேன்.
லூப்பைச் சுற்றி வந்தேன், பூஜ்யம்.
இன்னொரு தடவை சுற்றினேன், பூஜ்யம்.
மணி அடித்தது.
நூல் கட்டி, பேப்பரைக் கொடுத்து,
படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

வாலை அழிக்கவில்லை.

எந்த ஊரிலோ
கட்டுக் கட்டாகத் திருத்தப்போகும் யாரோ ஒருவர்
சிவப்புப் பேனாவோடு அந்தப் பக்கத்துக்கு வந்து
கொஞ்சம் நிற்பார்.